‘பிழை’ எனத் திருத்தப்படும் பெயர்கள்: புலம்பெயர்ந்தோர் ஆவணங்களில் தமிழ்ப் பெயர் வாசிப்புக் குறித்து ஒரு கருத்துரை

முத்துசாமி என்னும் பெயருடைய இருவர், ஒரே ஊரினர், 1860களில் ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்தனர் எனக் கொள்வோம். ஒருவர் வடக்கே நடந்து சென்னையில் கப்பலேறினார். மற்றவர் தென்கிழக்கே நடந்து புதுச்சேரியில் கப்பலேறினார். முதலாமவர் பெயரிலுள்ள உகரத்தை ஆங்கில எழுத்தர் ‘ஓ’ என்னும் எழுத்தை இரட்டித்துக் காட்டினார். இரண்டாமவர் பெயரிலுள்ள அதே உகரத்தைப் பிரெஞ்சு எழுத்தர் ‘ஓ, யூ’ என்னும் ஈரெழுத்தால் குறித்தார். சகரம் மெலிந்து ஒலித்துவிடாதிருக்க ‘எஸ்’ எழுத்தையும் இரட்டித்தார். நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தபின் அவ்விருவர் வழியினரும் இருவேறு குடிப்பெயர்களைத் தாங்கி நிற்கின்றனர். அவ்விரண்டும் ஒரு பெயரே என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. தெரிவிக்க வேண்டிய கடமை தமிழ்த்துறைகளுக்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மேற்கூறியது கற்பனையான எடுத்துக்காட்டே ஆயினும், அதற்குரிய நிலம் கற்பனையன்று. முருகன் மலைக்கோயிலாலும் பொம்மபுர ஆதீனத்தாலும் அறியப்படும் மயிலம், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் உள்ளது. 1993இல் விழுப்புரம் மாவட்டம் உருவாகும்வரை இப்பகுதி தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. ஆங்கிலேயர் ஆட்சிப் பரப்பிலிருந்து சென்னைக்கும், பிரெஞ்சுத் துறைகளாகிய புதுச்சேரி, காரைக்காலுக்கும் மக்கள் பெயர்ந்த வழிகளில் இந்நிலப்பகுதியும் ஒன்று. சென்னையில் கப்பலேறியோர் மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் பிற்காலத்தில் பிஜிக்கும் சென்றனர். பிரெஞ்சுத் துறைகளில் ஏறியோர் ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய தீவுகளை அடைந்தனர். மார்த்தினிக் தீவுக்கு முதற்கப்பல் 1853 மே மாதத்தில் சென்று சேர்ந்தது. நேட்டாலின் முதற்கப்பலான ‘ட்ரூரோ’ 1860 நவம்பர் 16 அன்று தர்பனை அடைந்தது; அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் 1,52,184 பேர் ஒப்பந்தத்தின்கீழ்ச் சென்றனர். இவர்களுள் பெரும்பகுதியினர் சென்னை வழியாகச் சென்றோர்.

இவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரியேனும் எழுதப்பட்டுள்ளது. நேட்டால் கப்பற்பட்டியல்களில் வரிசையெண், பெயர், தந்தை பெயர், அகவை, பால், சாதி, மாவட்டம், வட்டம், ஊர் என்னும் பத்திகள் உள்ளன. ஏடும் பட்டயமும் தம் பெயரைக் குறிக்காத எளிய மக்கள் இலட்சக்கணக்கானோரின் பெயர்கள் ஒருங்கே பதிவாகியிருப்பது தமிழ்ச் சமூக வரலாற்றில் அரிதான நிகழ்வு. ஆனால் அவை தமிழெழுத்தில் இல்லை. தமிழறியாத எழுத்தரும், தமிழறிந்தும் பிறமொழி எழுத்தில் எழுதப் பணிக்கப்பட்டோரும் விரைந்து எழுதிய கையெழுத்தில் உள்ளன.

பெயர் குடிப்பெயரான வகை

தமிழரிடம் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடிப்பெயர் மரபு இல்லை. தந்தை பெயர் மகனுக்கு முன்னொட்டாக நின்று, பேரனிடம் மறைந்துவிடும். குடியேற்ற நாடுகளின் பதிவு முறையோ குடிப்பெயர் ஒன்றை வேண்டிற்று. ஆகவே கப்பலேறியவரின் இயற்பெயரோ, அவர் தந்தையின் பெயரோ, சாதிப் பட்டமோ குடிப்பெயராக உறைந்தது. நாயுடு, பிள்ளை, முதலி, படையாட்சி ஆகிய பட்டங்கள் தென்னாப்பிரிக்காவில் குடிப்பெயர்களாயின. ‘கோவெண்டர்’ என்று அங்கு வழங்கும் குடிப்பெயர் கவுண்டர் என்பதன் திரிபெனக் கொள்ளப்படுகிறது.

புதுச்சேரியில் இதற்கு மாறான ஒரு நிகழ்வும் உண்டு. தனியாள் சட்டநிலையைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்போர், தமக்கும் தம் வழியினர்க்கும் ஒரு குடிப்பெயரைத் தெரிவு செய்துகொள்ள வேண்டுமென 1881 செப்டம்பர் 21ஆம் நாளிட்ட ஆணை விதித்தது. அங்கே பெயரைத் தெரிவு செய்தவர் பெயருக்கு உரியவர். கப்பலில் தெரிவு செய்தது எழுத்தரின் காதும் கையும். எனவே, ஒரு குடும்பத்தின் குடிப்பெயரை வாசித்தறிவதென்பது பெரும்பாலும் அக்குடும்பத்தில் முதன்முதலாகக் கடல் கடந்த ஒரு மனிதரை அல்லது அவர் தந்தையை அடையாளம் காண்பதேயாகும்.

கையால் நேர்ந்த மயக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கூட்டெழுத்தில் ‘ஐ’ ஒரு சிறுகோடு. ‘என்’, ‘யூ’ ஆகியன இவ்விரு கோடுகள். ‘எம்’ மூன்று கோடுகள். வளைவு மேலோ கீழோ என்பதே இவற்றைப் பிரித்துக் காட்டும் குறி. விரைந்து எழுதுங்கால் அவ்வளைவு மறையும். ‘ஐ’யின் மேற்புள்ளி நீங்கும் அல்லது அடுத்த எழுத்தின் தலைமேல் விழும்.

தமிழ்ப் பெயர்களோ மெல்லினம் மிக்கன. சின்னன் என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் நடுவே ‘ஐ, என், என்’ என ஐந்து சிறுகோடுகள் வரும். மேற்புள்ளி விடுபட்டால் அதே ஐந்து கோடுகளை ‘யூ, எம்’ எனப் படித்துச் ‘சுமன்’ எனக் கொள்ள இடமுண்டு. தமிழறியாதவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே பொருந்தும். தென்னார்க்காட்டு ஊரொன்றில் 1880களில் பிறந்த உழவர்க்குச் சின்னன் என்னும் பெயர் இயல்பு, சுமன் என்பது இயல்பன்று என அறிந்தவரே சரியான வாசிப்பைத் தெரிவு செய்ய இயலும். கண்ணன் என்பதற்கும் காமன் என்பதற்கும் இடையே அக்கையெழுத்தில் ஒரு கோடே வேறுபாடு. முனியன், முனியம்மாள் என்னும் பெயர்களில் இம்மயக்கம் இன்னும் மிகும்.

இம்மயக்கம் சுவடி பயின்றோர்க்குப் புதியதன்று. புள்ளியிடப்படாத ஓலையில் மெய்யும் உயிர்மெய்யும் மயங்கும். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி நிற்கும். ரகரமும் துணைக்காலும் ஒருவடிவாய் இருக்கும். இவற்றினூடே சரியான பாடத்தைக் காண்பதற்குப் பதிப்பாசிரியர்க்கு யாப்பும் பொருளும் துணையாயின. பெயர்ப்பட்டியலுக்கு யாப்பில்லை, ஆனால் பத்திகள் உண்டு. தந்தை பெயர், பால், ஊர், உடன் சென்ற உறவினர் பெயர் ஆகியன ஒன்றையொன்று தாங்கி நிற்கும். உயிரெழுத்து மங்கிய ஒரு பெயரைத் ‘திருப்பதி’ என்றும் ‘துரோபதி’ என்றும் படிக்க இடமிருந்தால், பால் குறிக்கும் பத்தியை முதலில் நோக்க வேண்டும். பெண் எனில், ஊரையும் நோக்க வேண்டும். செஞ்சியைச் சூழ்ந்த பகுதி திரௌபதியம்மன் வழிபாட்டில் ஊறியது. அந்நிலத்துப் பெண்ணுக்குத் துரோபதி என்னும் பெயர் முற்றிலும் பொருந்தும். மேல்மலையனூர் அங்காளம்மனும் மயிலத்து முருகனும் திருவண்ணாமலை ஈசனும் இப்பகுதி மக்களின் பெயரிடலை வழிநடத்தியோர். நிலத்தின் தெய்வங்களை அறிதல் நிலத்தின் பெயர்களை வாசிப்பதற்குக் கருவியாகிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. நம் கைக்கு வரும் பட்டியல் பெரும்பாலும் முதற்பதிவன்று. கூலிக் கிடங்கில் சொல்லக் கேட்டு எழுதியது ஒன்று; அதைப் பார்த்துக் கப்பலுக்கென எழுதியது மற்றொன்று; தோட்டக் கணக்கில் ஏறியது பிறிதொன்று. அண்மைக்காலத்தில் கணினியில் ஏற்றப்பட்ட பட்டியலும் இவ்வரிசையில் ஒரு படியே. படியெடுக்குந்தோறும் பிழை பெருகும் என்பதும், படிகளை ஒப்புநோக்கி மூலத்தை அணுக வேண்டும் என்பதும் சுவடிப் பதிப்பின் முதற்பாடங்கள் அல்லவோ.

காதால் நேர்ந்த பதிவு

எழுத்து மயக்கத்தைத் தீர்த்தபின்னும் ஒலிச்சிக்கல் எஞ்சும். வடசொல் தமிழில் வருங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தைப் பெற்று அமைய வேண்டும் எனத் தொல்காப்பியம் எச்சவியலில் விதித்தது. இங்கு நிகழ்ந்தது அதன் மறுதலை. தமிழ்ப்பெயர்கள் தமிழெழுத்தை நீக்கி அயலெழுத்தில் அமைந்தன. அவ்வமைப்பிற்கு இலக்கணம் வகுப்பார் எவருமில்லை. ஆயினும் அதில் ஒழுங்கு உண்டு.

‘-அம்’ என்னும் ஈற்றை நோக்குக. குவாதலூப் தீவில் இந்திய வழியினரின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடிய ஆன்றி சிதம்பரம் தம் குடிப்பெயரின் ஈற்றை ‘ஓ, எம்’ என்னும் எழுத்துகளால் எழுதினார். அதே தீவில் வைத்திலிங்கம் என்பதிலிருந்து வந்த குடிப்பெயர் ‘ஓ, என்’ என முடியும். மொரீசியசின் குடியரசுத் துணைத்தலைவராக 2016 முதல் 2019 வரை விளங்கிய பரமசிவம் பிள்ளை வையாபுரியின் முதற்பெயரோ ‘யூ, எம்’ என முடிகிறது. ஈறு ஒன்று, எழுதப்பட்ட முறை மூன்று. ஆங்கிலத்தில் ‘யூ’ என்னும் எழுத்து மூடிய அசையில் அகரத்தை ஒத்து ஒலிக்கும். ஆதலின் ஆங்கில மரபினர் அதைக் கொண்டனர். அதை உகரமாகப் படித்து ‘ஆறுமுகும்’ என்று ஒரு பெயர் இருந்ததாகக் கொள்வது வாசிப்புப் பிழை. பிரெஞ்சு எழுத்தர் ‘ஓ’ எழுதியதற்குக் காரணம் நம் பேச்சு வழக்கிலேயே உள்ளது. சொல்லிறுதி ‘-அம்’ பேச்சில் மூக்கொலி பெற்ற ஒகரச் சாயலுடன் முடிகிறது. பிரெஞ்சு மொழியில் மூக்கொலி உயிர்கள் தனியொலிகளாக உள்ளமையால் அவ்வொலியை அவர்கள் எளிதில் கேட்டனர், கேட்டவாறே எழுதினர்.

‘-அன்’ ஈறும் இத்தகையதே. பேச்சில் அது மூக்கொலி பெற்ற எகரச் சாயல் கொள்ளும். வீரப்பன், மாரியப்பன் முதலிய பெயர்கள் பிரெஞ்சுத் தீவுகளில் ‘ஐ, என்’ என்னும் எழுத்துகளில் முடிவதன் காரணம் இதுவே. அவற்றை ‘வீரப்பின்’, ‘மாரியப்பின்’ எனத் தமிழில் பெயர்த்தெழுதுதல் பொருந்தாது. பிரெஞ்சு முறைப்படி ஒலித்துக் காட்டினால் தென்னார்க்காட்டு மூதாட்டி ஒருவர் அவற்றைத் தம் ஊர்ப்பெயர்கள் என உடனே உணர்வார்.

பிள்ளை என்னும் சொல் இன்னும் தெளிவான சான்று. ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை ஆணையராக 2008 முதல் 2014 வரை பணியாற்றிய, தர்பனில் பிறந்த நவநீதம் பிள்ளையின் குடிப்பெயரில் இகரம் இகரமாகவே உள்ளது. ரெயூனியன் தீவைச் சார்ந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் இடம்பெற்ற ழான்-போல் விராபுல்லேயின் குடிப்பெயரில் அச்சொல் உகரம் பெற்றுள்ளது. இதழொலியை அடுத்து, நாவளை ஒலிக்கு முன் நிற்கும் இகரம் பேச்சில் உகரமாதல் நாம் அறிந்த விதி; பிள்ளை ‘புள்ளெ’ ஆவதும் அதனாலேயே. முன்னது எழுத்து வழக்கையும் பின்னது பேச்சு வழக்கையும் தழுவியன. இவ்வாறு நோக்கினால், ‘சிதைவு’ என ஒதுக்கப்படும் வடிவங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பேச்சொலிக்குச் சான்றாகின்றன. நாட்டுப்புற மக்கள் அக்காலத்தில் எவ்வாறு பேசினர் என்பதற்கு நாளும் இடமும் குறித்த சான்றுகள் மிகக் குறைவு. அவற்றுள் ஒரு பெருந்தொகுதி இப்பட்டியல்களில் கிடக்கிறது.

இத்தகைய சிக்கல் பிறர்க்கும் உண்டு. ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதியும் முறை 1855இல் தொடங்கிற்று. அதற்கு முந்தைய குடும்ப வரலாற்றுக்குத் திருச்சபைப் பதிவேடுகளையே நாட வேண்டும். அந்நாட்டுப் பழைய எழுத்துமுறையில் ‘யோக்’ என்றோர் எழுத்து இருந்தது. அச்சுக்கோப்போரிடம் அவ்வெழுத்து இன்மையால் வடிவில் அதனையொத்த ‘இசட்’ எழுத்தை இட்டனர். அதனால் ‘மென்சீஸ்’ எனப் படிக்கத் தோன்றும் குடிப்பெயர் இன்றும் அந்நாட்டு மரபில் ‘மிங்கிஸ்’ என ஒலிக்கப்படுகிறது. ஓர் எழுத்து இல்லாமற்போனதை அறியாதார் அப்பெயரைப் பிழையாகவே படிப்பர். நம் ழகரத்தின் நிலையும் அதுவே. ஆங்கில எழுத்தில் அதற்கு இடமில்லை. பேச்சிலும் அது இடத்திற்கேற்ப ளகரமாகவோ யகரமாகவோ திரியும். மொழிமுதல் ஏகாரத்தோடு யகரச் சாயலும் கூடும். ஏழுமலை என்னும் பெயர் எத்தனை வடிவங்களில் எழுதப்பட்டிருக்கும் என எண்ணிப் பார்க்கலாம்.

திருத்துவதால் வரும் தீங்கு

இங்கு நாம் அஞ்சத்தக்கது ஒன்று உண்டு. தமிழறியாதவர் பெயரைத் தவறாகப் படிப்பது ஒரு தீங்கு. தமிழறிந்தவர் அதை மிகைபடத் திருத்துவது அதனினும் பெரிய தீங்கு; ஏனெனில் அதைப் பின்னர் எவரும் ஐயுறமாட்டார். குப்பன் என்னும் பெயரைக் ‘குப்புசாமி’ என்றும், சின்னானைச் ‘சின்னையன்’ என்றும் நிறைவுசெய்து எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு. மதிப்பளிப்பதாக எண்ணி நாம் செய்யும் அச்செயல் வரலாற்றை மாற்றிவிடுகிறது. குப்பன், குப்பையன், குப்புசாமி என்பன அக்காலச் சமூகத்தில் ஒரே படிநிலையினர்க்கு வழங்கிய பெயர்கள் அல்ல. ‘சாமி’ என்னும் ஈறு யாருக்கு இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதே ஆய்வுக்குரிய பொருள். குப்பனைக் குப்புசாமி ஆக்கினால், அவன் கடல் கடந்ததற்குரிய காரணங்களுள் ஒன்றையும் சேர்த்து அழித்தவர்களாவோம்.

இன்றைய தேவையும் இதில் அடங்கியுள்ளது. 2024 மார்ச்சில் மொரீசியசு சென்ற இந்தியக் குடியரசுத் தலைவர், அந்நாட்டு இந்திய வழியினருள் ஏழாம் தலைமுறையினரும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை பெறத் தகுதியுடையோராவர் என அறிவித்தார். ஏழு தலைமுறைக்கு முந்தைய பெயரை இன்றைய பெயரோடு இணைத்துக் காட்டுதல் இனிச் சான்றாவணம் சார்ந்த செயல். தவறான வாசிப்பு ஒருவரை வேறொருவரின் ஊரோடும் சாதியோடும் குலதெய்வத்தோடும் பிணைத்துவிடக்கூடும். மூதாதையர் ஊரைத் தேடி வருவோர்க்கு உதவும் ஆர்வத்தில் உறுதியற்றதை உறுதிபோலக் கூறுவது அறமாகாது.

அவ்வாறே, அவர்கள் இன்று தாங்கும் குடிப்பெயரைப் ‘பிழை’ எனச் சுட்டவும் நமக்கு உரிமையில்லை. கோவெண்டர் என்பது ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒரு மக்கள் தொகுதியின் பெயர், அது அவர்களுடையது. கப்பலேறியவரின் பெயர் எது என்பதே நம் வினா. இரண்டையும் வெவ்வேறு பதிவுகளாகக் கொள்வதே முறை.

செய்யத்தக்கன

வரலாற்றுத் துறையினரும் ஆவணக் காப்பகத்தாரும் இப்பணியை முன்பே தொடங்கிவிட்டனர் என்பதை மறத்தல் ஆகாது. நேட்டால் கப்பற்பட்டியல்களைக் கொண்டு சுரேந்திர பாணா செய்த ஆய்வு 1991இல் நூலாக வெளிவந்தது. மொரீசியசின் மகாத்மா காந்தி நிறுவனம் குடியேற்ற ஆவணங்களைப் பேணி வருகிறது. எத்தனை பேர், எம்மாவட்டத்தினர், எவ்வகவையினர் என்னும் வினாக்களுக்கு அவர்கள் விடை கண்டுள்ளனர். பெயரின் வடிவம் பற்றிய வினா மொழியறிஞர்க்கு உரியது. கையெழுத்தைக் கணினி படிக்கும் காலத்தில் இவ்வுழைப்பு வேண்டுமோ எனக் கேட்கலாம். கணினி கோடுகளை எண்ணித்தரும். சின்னனா சுமனா என்பதை அது பயின்ற பெயர்த்தொகுதியே தீர்மானிக்கும். அத்தொகுதியைத் தமிழறிஞர் அமைக்காவிடில் வேறு எவரேனும் அமைப்பர். பிழை பேரளவில் பெருகும்.

ஆதலின் மூன்று முன்மொழிவுகள். முதலாவது, பதிப்பு முறை. ஒவ்வொரு பெயரையும் மூன்று நிலைகளில் தருதல் வேண்டும்: ஆவணத்தில் உள்ள எழுத்து மாறாத வடிவம், அவ்வெழுத்தர் மொழி மரபுப்படி அதன் ஒலிப்பு, அதற்குரிய தமிழ் வடிவம். மூன்றாவதன் அருகே ‘உறுதி’, ‘பொருத்தம்’, ‘ஐயம்’ என அளவு குறிப்பதும், விலக்கப்பட்ட வாசிப்புகளைப் பாடவேறுபாடாக அடியில் தருவதும் இன்றியமையாதன. அகரவரிசை தமிழ் வடிவத்துக்கு அமைதல் வேண்டும். இன்று சின்னன் ‘சி’யிலும் ‘எஸ்’ஸிலுமாகச் சிதறிக் கிடக்கிறான், கோவிந்தன் ‘ஜி’யிலும் ‘கே’யிலும் கிடக்கிறான்.

இரண்டாவது, வட்டாரப் பெயர்க் களஞ்சியம். தமிழிலேயே எழுதப்பட்ட பழைய நிலப்பத்திரங்கள், கோயிற் கணக்குகள், ஊர்க் கணக்குகள் ஆகியவற்றிலிருந்து வட்டந்தோறும் பெயர்களைத் தொகுத்தல் வேண்டும். திண்டிவனம் வட்டத்தில் எப்பெயர் பெருவழக்கு, எது அருகிய வழக்கு, எது அறவே இல்லை என்னும் அறிவே ஐயத்தைத் தீர்க்கும் உரைகல். மூன்றாவது, பயிற்சி. முதுகலைச் சுவடியியல் தாளில் ஓலையோடு பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில, பிரெஞ்சுக் கையெழுத்துக்கும் சில வகுப்புகள் ஒதுக்கலாம். பேச்சுத்தமிழ் ஒலியியலும் அயலெழுத்து மரபும் அறிந்த மாணவர்க்கு அது ஓரிரு திங்களில் கைவரும்.

தமிழ்க்கல்லூரி ஒன்றைத் தன்னகத்தே கொண்ட மயிலம் இதனைத் தொடங்கத் தகுந்த இடம். நேட்டால் பட்டியல்களுள் ஒரே ஒரு கப்பலை எடுத்துக்கொண்டு, தென்னார்க்காடு எனக் குறிக்கப்பட்டோரின் வரிகளை மட்டும் பிரித்து, மேற்கூறிய முறையில் இருவர் தனித்தனியே வாசித்துப் பின் ஒப்புநோக்கலாம். இருவரும் ஒத்த இடங்கள் எத்தனை, வேறுபட்ட இடங்கள் எத்தனை, எவ்வெழுத்துகளில் வேறுபாடு மிகுந்தது என்பனவற்றை இத்தகைய ஆய்விதழில் வெளியிட்டால், அடுத்த கப்பலை எடுப்போர்க்கு அது வழிகாட்டும்.